அடையாளம்: நெற்றியில் முடி விழும்

இறந்த நாற்பதாம் நாளிலிருந்து ரேணுகா தினமும் மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். வந்து கணவனைத் தேடினாள். கதவைத் திறப்பவன் அவள் கணவன் தணிகைவேல்தான். அவனிடமே கேட்பாள்.

"சார், இங்க தணிகைவேல்னு ஒருத்தர் குடியிருந்தாரே, இருக்காரா?"

"நான்தான் ரேணு."

"விளையாடாதீங்க சார். அவருக்கு நெத்தியில முடி விழும். ஊதி ஊதித் தள்ளுவாரு. உங்களுக்கு ஊத என்ன இருக்கு?"

அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலில் பத்து நிமிடம் நிற்பாள். முன்பின் தெரியாத ஆண் இருக்கும் வீட்டுக்குள் நுழைய மாட்டாள். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். பிறகு படியிறங்கிப் போய்விடுவாள்.

தப்பு அவள் மேல் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் குளித்தபோது, முதல் சொம்புத் தண்ணீருக்கே தலைமுடி மொத்தமும் கழன்று விழுந்தது. வலிக்கவில்லை. குளியலறைத் தரையில் அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு தண்ணீரோடு சேர்ந்து வெளியேறியது. மீசை மட்டும் தங்கிவிட்டது. அவனுக்கு முப்பத்து நான்கு வயது.

திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் அவன் நில அளவைப் பாடம் நடத்தினான். வாசல் காவலாளி அவனுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். "இந்த சார் லீவுல இருக்காரு. நீங்க யாரு?" என்றார். ஏதோ பரிதாபப்பட்டு உள்ளே விட்டார்.

வகுப்பில் அவன் பாடம் நடத்தினான். மாணவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் வகுப்புத் தலைவன் நோட்டில் 'ஆசிரியர் வரவில்லை' என்று எழுதினான். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் தணிகைவேலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியருக்காகக் காத்திருந்தான். அவர் வரவில்லை.

ஆய்வகத்தில் வேலை செய்யும் அமல்ராஜ்தான் விஷயத்தை எடுத்தார்.

"குரலை வெச்சுத்தான் நீங்கன்னு தெரியுது சார். குரலை வெச்சு எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க? ஒரு விக் வெச்சுக்கோங்க. என் மச்சானுக்கு விக் வெச்சதும் நடையே மாறிப்போச்சு. இப்ப கவுன்சிலருக்கு நிக்கறான்."

விக் கடை முதல் மாடியில் இருந்தது. படி ஏறினால் தரைத்தளம் வந்தது. இன்னொரு தடவை ஏறினான். அப்போதும் தரைத்தளம். மூன்றாம் தடவை இறங்கிப் பார்த்தான். கடை வந்தது.

உள்ளே நீளமான நடை. இரண்டு பக்கமும் அலமாரிகளில் மரத் தலைகள். அவற்றின் மேல் விக்குகள் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. நடையின் கோடியில் கடைக்காரி மெஹருன்னிசா உட்கார்ந்திருந்தாள். அவன் நடக்க நடக்க அவள் தள்ளிப் போனாள். அவன் நின்றான். அவள் முன்னால் வந்துவிட்டாள்.

அவள் தலையிலும் முடி இல்லை. கண்ணாடி போட்டுக்கொள்வதுபோல் ஆணியிலிருந்து ஒரு விக்கை எடுத்து மாட்டிக்கொண்ட பிறகே அவனைப் பார்த்தாள்.

"யாருக்குத் தெரியணும் தம்பி?"

"புரியலங்க."

"யாரு பாத்து நீங்கதான்னு சொல்லணும்? ஊரா, வீடா?"

"வீடு. சம்சாரம்."

"உசுரோட இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப வேலை இருக்கு. ஊருக்குன்னா ரெடிமேடே போதும். ஊரு என்னத்தைப் பாக்குது."

"முதல்ல ரெடிமேடையே பாத்துடறேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க," என்று ஒரு விக்கை எடுத்து, உதறி, அவன் தலையில் கவிழ்த்தாள்.

மறுநாள் காவலாளி எழுந்து நின்றார். "லீவு முடிஞ்சுதா சார்?" வகுப்பில் நாற்பது பேரும் எழுந்தார்கள். அவன் குரல் கடைசி பெஞ்சைத் தாண்டி, சுவரில் மோதி, அவனிடமே திரும்பி வந்து வணக்கம் சொன்னது. ஆசிரியர் கூட்டத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினான். பேசி முடிப்பதற்குள் ஏற்றுக்கொண்டார்கள். எதை எதிர்த்தான் என்று அவனுக்கே பிடிபடவில்லை. சாலையில் அவன் நிழல் ஓர் அடி முன்னால் போய், எதிரே வருகிறவர்களை ஒதுங்கச் சொன்னது. வியாழக்கிழமை அவனைத் துறைத் தலைவர் ஆக்கினார்கள். பழைய தலைவர் தன் நாற்காலியைத் தானே துடைத்துக் கொடுத்துவிட்டு மாணவனாகச் சேர்ந்துகொண்டார்.

தணிகைவேல் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரினான். நெஞ்சை நிமிர்த்தினான். நான்கு மணிக்குக் கதவைத் திறந்தான்.

ரேணுகா அவனை நன்றாகப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நீங்க எங்க கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவருதானே? நல்லாயிருக்கீங்களா?"

துறைத் தலைவன் நிமிர்த்திய நெஞ்சைத் தளர்த்தினான். "நல்லாயிருக்கேங்க," என்றான்.

"அவரு இருக்காரா?"

"இல்ல."

அவன் திரும்பவும் படியிறங்கிக் கடைக்குப் போனான். மெஹருன்னிசா அவனை எதிர்பார்த்திருந்தாள். நடந்ததைக் கேட்டுக்கொண்டே காதுக்குக் காது நாடா வைத்து அளந்தாள்.

"வீடியோக்காரரா? பரவால்லயே. போன வாரம் ஒருத்தரை மாமியார்னு சொல்லிருச்சு அவரு பொண்டாட்டி. சரி, சுழி எத்தனை?"

"ரெண்டு."

"எங்க எங்க?"

தணிகைவேல் யோசித்தான். ஊரையே அளப்பவன். தன் உச்சந்தலையைப் பார்த்ததே இல்லை.

"எனக்குத் தெரியாதுங்க."

"யாருக்குத் தெரியும்?"

அவள் நாடாவைச் சுருட்டி வைத்தாள்.

மறுநாள் விக் வைக்காமல் கதவைத் திறந்தான். கையில் அளவை நோட்டும் பென்சிலும் இருந்தன.

"அம்மா, உங்க வீட்டுக்காரரைத் தேடிக் குடுக்கறேன். அடையாளம் சொல்லுங்க. தலைமுடியிலேருந்து ஆரம்பிங்க."

முதல் தடவையாக ரேணுகா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ரெட்டைச் சுழி சார். ரெட்டைச் சுழின்னா ரெண்டு கல்யாணமாம். அதுக்குப் பயந்துக்கிட்டு அவங்க வீட்ல முதல்ல வாழமரத்துக்குத் தாலி கட்ட வெச்சுட்டாங்க. நான் ரெண்டாவது. மூத்தவளை அன்னிக்கே வெட்டிட்டாங்க."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"நீங்க ஏன் சார் சிரிக்கறீங்க? அது எங்க குடும்ப விஷயம்."

"மன்னிச்சுக்கோங்க. சுழி எங்க எங்க இருக்கு?"

"ஒண்ணு உச்சியில, வலது பக்கமா சுத்தும். இன்னொண்ணு அதுக்கு ரெண்டு விரக்கடை கீழ, இடது பக்கமா. நடுவுல கொஞ்சம் முடி எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நட்டுக்கிட்டு நிக்கும். எண்ணெய் வெச்சாலும் படியாது. அவரு தூங்கறப்ப அமுக்கி அமுக்கி விடுவேன். எந்திரிச்சுக்கும்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னா வெட்டிருவாரு."

அவன் எழுதினான். பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது.

"இடது காதுக்குப் பின்னாடி மூணு நரை. இப்ப நாலு ஆகியிருக்கும். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன். வேற ஏதாவது? குணம், பேச்சு..."

"முடிதானே சார் கேட்டீங்க?" என்று ரேணுகா எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள்.

மெஹருன்னிசா நோட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள். ஒன்பது நாள் ஒவ்வொரு முடியாகக் கட்டினாள். நரையையும் விடவில்லை. பத்தாம் நாள் அதை அவன் தலையில் வைத்துவிட்டு, தன் விக்கைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "போங்க தம்பி," என்றாள்.

நான்கு மணிக்கு அவன் கதவைத் திறந்தான். முடி நெற்றியில் விழுந்தது. ஊதித் தள்ளினான்.

ரேணுகா செருப்பைக் கழற்றினாள்.

"பைக்கை நகத்தி வெச்சீங்களா?" என்றாள்.

அவள் உயிர் போன நேரத்தில் அவன் ஆஸ்பத்திரிக்குக் கீழே பைக்கை நகர்த்திக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் போக இடைஞ்சல் என்று மைக்கில் வண்டி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் மேலே வருவதற்குள் முடிந்திருந்தது.

"வெச்சுட்டேன் ரேணு."

"பூட்டுனீங்களா?"

"பூட்டுனேன்."

"அதான் லேட்டு."

அவள் உள்ளே வந்தாள். அவனை நாற்காலியில் உட்கார வைத்துப் பின்னால் நின்றாள். உச்சியில் கைவைத்து அமுக்கினாள். எடுத்தாள். "எந்திரிக்குது பாருங்க," என்றாள். காதை மடக்கி நரையை எண்ணினாள். அவன் துறைத் தலைவரான கதையைச் சொன்னான். "நீங்களா? எதுத்தா பேசுனீங்க?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தாள். அவன் காப்பி போட்டான். அவளால் குடிக்க முடியவில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிறகு இடுப்பிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

"என்ன இது?"

"கடைசியா உங்க மொகத்தைப் பாக்காம வந்துட்டேன், பாக்காம நகர மாட்டேன்னு அங்க சொல்லிட்டேங்க. காலையிலேருந்து வரிசையில நின்னு தினம் பாஸ் வாங்கிட்டு வர்றேன். கால் எல்லாம் வீங்கிப்போச்சு. பாத்தாச்சுன்னு நீங்க போட்டுக் குடுத்தா மேற்கொண்டு அனுப்பிருவாங்க."

"எங்க?"

"தெரியல. தூரம்னாங்க."

"அப்புறம் வர முடியுமா?"

"எப்படிங்க? அதான் பாத்தாச்சே."

தணிகைவேல் தாளைப் பார்த்தான். ஒரு வரிதான் இருந்தது. அதன் கீழே அவன் பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. எழுத்துப்பிழை இல்லை.

"பேனா உள்ள இருக்கு. எடுத்துட்டு வர்றேன்," என்றான்.

பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. அவன் உள்ளறைக்குப் போனான். கதவைச் சாத்தினான். இரண்டு கையாலும் விக்கைக் கழற்றி அலமாரியில், அவள் புடவைகளுக்கு அடியில் வைத்தான். பீரோக் கண்ணாடியில் தெரிந்தவரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவரிடம் வழி கேட்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வெளியே வந்தான்.

ரேணுகா நாற்காலியிலிருந்து எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வேகமாக வாசலுக்குப் போய் நின்றாள்.

"சார், எங்க வீட்டுக்காரரு உள்ள வந்தாரே, பாத்தீங்களா?"

"இப்பத்தாம்மா வெளிய போனாரு."

"இருக்கறது ஒரு வாசல்தானே. நான் இங்கதான இருந்தேன்?"

"ஆமாம்மா."

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். மடித்த இடத்திலேயே மறுபடி மடித்தாள்.

"நாளைக்கு இருப்பாரா சார்?"

"இருப்பாரு. வாங்க."

அவள் செருப்பைத் தேடி மாட்டினாள். வீங்கிய காலுக்கு அது சட்டென்று ஏறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் கை நீட்டவில்லை. முன்பின் தெரியாதவன் நீட்டக்கூடாது.

"அவரு வந்தா, பாத்ததுல ரொம்ப சந்தோசம்னு மட்டும் சொல்லிருங்க சார்."

"சொல்றேம்மா," என்றான் தணிகைவேல்.