நுனிக் கைப்பிடி

தனியாக ஓட்டவே முடியாத ஒரு ரம்பத்தை மூன்று வருடம் மெனக்கெட்டுச் சரிசெய்தவன் நான். 1946-இல் செய்த சங்கிலி ரம்பம், எடை ஐம்பது கிலோ. மோட்டார் பக்கம் ஒருவன் பிடிக்க வேண்டும், நுனிக் கைப்பிடியை இன்னொருவன். என் கொட்டகையில் இருக்கும் அறுபத்துமூன்று ரம்பங்களில் இதற்கு மட்டும்தான் துணை வேண்டும். இந்த விஷயம் எனக்கு உறைத்ததே, பழைய ரம்பம் சேர்ப்பவர்கள் கூடும் எங்கள் ரம்பக் கூட்டம் டாம்லின் கிரீக்கில் நடப்பதற்கு முந்தின நாள்தான்.

"நுனியப் பிடிக்க யாரு வர்றா?" என்று கேட்டாள் என் மனைவி மார்லிஸ்.

"எவனாவது வருவான்."

"உங்ககூடயா?"

அவள் வாய்முகூர்த்தம், மறுநாள் மைதானத்தில் ஒருவனும் வரவில்லை. ஒருவனுக்கு முதுகு வலியாம், ஒருவனுக்கு மணிக்கட்டு வலியாம். மூன்றாமவன் மட்டும் உண்மையைச் சொன்னான்: "நீ கத்துவ, ஆரின்."

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் பார்க்க ஒரு மரத்துண்டை அறுத்துக் காட்டாத ரம்பம் ரம்பமே அல்ல, அலமாரிச் சாமான். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போகாது.

நுனி பிடிக்கத் தெரிந்தவன் அங்கே இன்னும் ஒருவன் இருந்தான்: ராஸ்கோ, மார்லிஸின் அண்ணன். இருபது வருடம் நானும் அவனும் ஒரே காட்டில் மரம் வெட்டினோம். அவன் என்னோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது. தப்பு என்மேல்தான். அவன் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்திருந்தபோது, அவன் வேலை செய்த மஞ்சள் ரம்பத்தை எடுத்துவந்து, சுரண்டி, புதுசாகப் பெயின்ட் அடித்து, அவன் திரும்பி வந்ததும் பரிசாகக் கொடுத்தேன். கம்பெனியில் அடித்த பெயின்ட்டைத் தொடாதே என்பதுதான் பழைய ரம்பம் சேர்ப்பவனுக்கு அரிச்சுவடி. ராஸ்கோவின் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் அத்தனையும் மூடிப்போனது. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த மஞ்சள் அன்றைக்கு அவ்வளவு அழகாக இருந்தது. அவன் பார்த்தான், ரம்பத்தை என் வண்டியிலேயே வைத்தான், போய்விட்டான். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. வறட்டுக் கௌரவம் எனக்குக் கூடப்பிறந்தது.

"ஆரின் ரம்பத்துக்கு ஆள் இல்ல," என்று ஒலிபெருக்கியில் சொன்னான் கூட்டத்தை நடத்தும் ஹோலிஸ். "அடுத்து யாரு?"

ராஸ்கோ சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்து நுனியைப் பிடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை கயிற்றை இழுத்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டது. நான் கத்தவில்லை. அவன் கை தாழ்ந்தால் என் கை தாழ்ந்தது. மரத்துண்டின் முனை வட்டமாக அறுந்து விழுந்தது, கைதட்டினார்கள், மோட்டாரை அணைத்தேன்.

இனி ரம்பத்தைக் கீழே வைக்க வேண்டும். ஒருவன் முந்திக்கொண்டால் மற்றவன் மணிக்கட்டு போய்விடும். அதனால் நுனியில் நிற்பவன் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இருவரும் சேர்ந்து இறக்குவது. ராஸ்கோ வாயைத் திறக்கவில்லை. ஐம்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிழங்கள் நின்றோம். கைதட்டல் ஓய்ந்தது. முன்வரிசையில் ஒருத்தி எழுந்து போய்க் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டாள்.

"எறக்கு," என்றான் ராஸ்கோ கடைசியில். ஒன்பது வருடத்தில் முதல் வார்த்தை.

நான் இறக்கவில்லை.

"காது போயிருச்சா மாப்ள?"

"இல்ல."

"அப்ப எறக்கு."

"எறக்குனா நீ போயிருவ."

அவன் என்னைப் பார்த்தான்.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பு மச்சான்," என்றேன். "நீ பேசாம எனக்கு ஒண்ணும் நல்லாவே இல்ல."

"இதச் சொல்ல ஒனக்கு அம்பது கிலோ தேவைப்படுதா?" என்றான். "போகல. எறக்கு."

இறக்கினோம். அப்புறம் இருவராலும் நிமிர முடியவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மார்லிஸ் வந்து முதலில் அவள் அண்ணனைத்தான் தூக்கிவிட்டாள்.