புழுவுக்கும் ஒரு டீ, சர்க்கரை தூக்கலாக

என் வீட்டுப் புழுக்கள் ஒரு நாளைக்கு இரண்டு வேளை டீ குடித்தன. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. டீயைக் குடித்துவிட்டுக் கப்பையும் தின்றன. மரியாதை குறைந்தால் கூட்டமாக வெளிநடப்பு செய்தன. மண்புழுக்களைத்தான் சொல்கிறேன். கரிக்கலாம்பாக்கத்தில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை. நம்பிய ஆளும் இல்லை. எல்லாரையும்விட அதிகமாக நம்பாதவன் என் மச்சான் சிங்காரவேலு, என் பெண்டாட்டி அம்சவள்ளியின் தம்பி. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னால்கூட உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வருகிறவன்.

எண்பத்தேழாம் வருஷம் அது. விவசாய இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் சைக்கிள் மிதித்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தேன். வீட்டுப் பின்புறம் விரிசல் விட்ட பழைய மாட்டுத் தொட்டி ஒன்று கிடந்தது. அதில் சாணமும் சருகும் போட்டு, வாய்க்கால் சேற்றில் பொறுக்கிய மண்புழுக்களை விட்டு எரு செய்துகொண்டிருந்தேன். இரண்டு லட்சம் புழு இருக்கும். அம்சவள்ளி இருநூறு என்பாள். அவளுக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டு.

மைதீன் பிச்சையின் கீற்றுக் கொட்டகை டீக்கடை வாய்க்கால் கரையில் இருந்தது. அந்த வருஷம் சுற்று வட்டாரத்தில் மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து கண்ணாடி டம்ளரில் வாய் வைக்க ஜனங்கள் பயந்தார்கள். மைதீன் பிச்சை பாண்டிக்குப் போய் மெழுகு பூசிய பேப்பர் கப்புகளைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்தான். சூடான டீயை ஊற்றினால் மெழுகு உருகி மேலே மிதக்கும். அதையும் சேர்த்துத்தான் குடித்தோம். வாயில் ஒரு திரி வைத்திருந்தால் ஊரே கார்த்திகை தீபமாக எரிந்திருக்கும்.

குடித்தவர்கள் கப்பை எங்கே எறிவார்கள்? வாய்க்காலில்தான். ஐப்பசி மழையில் அத்தனை கப்பும் மிதந்து போய், ரோட்டுக்கு அடியில் போகும் குழாயை அடைத்துக்கொண்டது. தண்ணீர் வடியவில்லை. சிங்காரவேலுவின் நடவு நாலு நாள் முழுகிக் கிடந்து அழுகியது. ஐந்தாம் நாள் அவன் குழாய்க்குள் கையை விட்டு இழுத்த கப்புகளைச் சாக்கோடு கொண்டுவந்து கடை பெஞ்சில் கொட்டினான்.

"பாய், இந்தக் கரை வாய்க்கால் பாசனக்காரங்களுது. உங்க அப்பாவுக்கு எங்க அப்பா குடுத்த எடம். அதுக்கோசரம்தான் இத்தினி நாளு பேசாம இருந்தேன். கடைய எடுத்துடு."

மைதீன் பிச்சை கெட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றான். அந்தக் கடையை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. "கூடை வைக்கிறேன் வேலு. ஒண்ணு விடாம பொறுக்கிடறேன்."

"பொறுக்கி இன்னா பண்ணுவ? கொளுத்துனா பக்கத்துல என் வைக்கப்போரு. பொதைக்கிறதுனா என் வயலு."

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் விவசாயிகளுக்குப் புத்தி சொன்ன வாய், மூடுமா?

"எல்லாத்தையும் என் தொட்டியில போடு. ஒரு மண்டலத்துல என் புழு மண்ணாக்கிடும்."

"புழு எங்கனா கப்பு துன்னுமா மாமா?"

"கப்பு இன்னா, உன் ரேஷன் கார்டையே துன்னும்."

"சரி. நாப்பத்தெட்டு நாளு. மண்ணாச்சின்னா கடை இருக்கட்டும். ஆவலைன்னா, பாய், மறுநாளே கீத்தைப் பிரிச்சிடணும்."

மைதீன் பிச்சை என்னைப் பார்த்தான். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரைப் பார்க்கும் பார்வை.

கார்த்திகை முதல் தேதி. ஊரில் ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்று என் புழுக்களுக்கும் விரதம் ஆரம்பமானது. காலையில் மைதீன் பிச்சை ஒரு கூடைக் கப்பைக் கொண்டுவருவான். சிங்காரவேலு வாசலிலேயே மறித்து, அழியாத காப்பி பென்சிலால் ஒவ்வொன்றிலும் "சி.வே." என்று போடுவான். நான் மாற்றி வைத்துவிடுவேனாம்! தாசில்தார்கூட அத்தனை கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். கப்புகள் பளபளவென்று சுத்தமாக இருந்தன. நம் ஊர் ஜனங்கள் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிக்கிறார்கள் என்று நான் பெருமைகூடப் பட்டேன்.

விரதம் என்றேனே, சத்தியமாக விரதம்தான். ஒரு வாரம் ஆயிற்று. ஒரு கப்பில் ஒரு பல் தடம் இல்லை. புழுவுக்குப் பல் ஏது என்று கேட்காதீர்கள், நான் இருந்த எரிச்சலில் எனக்கே பல் முளைத்திருந்தது. கப்பைக் கிழித்துப் போட்டேன். ஊறவைத்துப் போட்டேன். சாணத்தில் குழைத்தேன். கரும்புச் சக்கையைப் பரப்பி அதன் நடுவில் விருந்து மாதிரி வைத்தேன். புழுக்கள் சக்கையைத் தின்றுவிட்டுக் கப்பைச் சுற்றிக்கொண்டு போயின.

ஒன்பதாம் நாள் காலை அம்சவள்ளி துணி துவைக்கும் கல்லருகே நின்று கத்தினாள். "ஏங்க! உங்க ரெண்டு லட்சமும் இங்க வந்து குந்திகினு கீது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டி விளிம்பைத் தாண்டி, சுவரில் இறங்கி, முற்றம் முழுக்கப் புழு. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு. நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போடப் போட, அவை மறுபக்கம் ஏறி வெளியே வந்தன.

"வாடகை அதிகமா கேட்டியா மாமா?" என்றான் சிங்காரவேலு. அவன் தினமும் வருவான். ஒரு குச்சியால் தொட்டியைக் கிளறுவான். தன் கையெழுத்து உள்ள கப்பைத் தூக்கி வெயிலில் காட்டுவான். "இன்னும் ரெண்டு வாட்டி டீ குடிக்கலாம் இதுல."

"கிளறாதடா! புழு பயப்படுது!"

"எதுக்குத்தான் பயப்படல அது? கப்பைப் பாத்தா பயம், குச்சியப் பாத்தா பயம். உன்ன மாதிரியே வளத்திருக்க."

பன்னிரண்டாம் நாள் அவன் கடையிலிருந்து டீயைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தான். அவனுக்குச் சர்க்கரை தேனாட்டம் இருக்க வேண்டும். பாதி குடித்ததும் மெழுகு உதட்டில் ஒட்டியது. முகத்தைச் சுளித்து, மிச்சத்தோடு கப்பைத் தொட்டியின் மூலையில் எறிந்தான். "இந்தா, உன் புழுவுங்க குடிச்சிட்டு சாவட்டும்."

எறிந்தவன் சும்மா போனானா? போய்விட்டுத் திரும்பி வந்தான். நான் அதை எடுத்துக் கடாசிவிட்டு மண்ணாகிவிட்டது என்பேனாம். கப்பின் விளிம்பில் செப்புக் கம்பி ஒன்றைக் கோத்து, மறுமுனையைத் தொட்டியின் இரும்பு வளையத்தில் எட்டுச் சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டுப் போனான். மூக்கணாங்கயிறு போட்ட கப்பு உலகத்திலேயே அது ஒன்றுதான்.

மைதீன் பிச்சை ஒன்றும் கேட்கமாட்டான். கூடையை இறக்கிவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்ப்பான். தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு போவான். ஒருநாள் மட்டும், "கீத்தைப் பிரிச்சி பரிதா மாமியார் வூட்டுல கொண்டு போய் போட்டு வைக்கலாமாண்ணே?" என்றான். பரிதா அவன் மகள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு உருண்டைக்கு மேல் தின்ன முடியாமல் ஐந்தாவதை மோர் விட்டுத்தான் தின்றேன்.

இருபதாம் நாள். ஓடிப்போன புழுக்கள் எங்கே போயின என்று தேடிக்கொண்டு மூலையைத் தோண்டினேன். அங்கே இருந்தது மாநாடு! கம்பி கட்டிய கப்புக்குள் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. கப்பின் அடி காணவில்லை. பக்கத்திலேயே இன்னொரு கப்பு, சி.வே. கையெழுத்தோடு புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது.

இரண்டும் ஒரே கட்டுக் கப்பு. இதைத் தின்கிறது, அதைத் தொடவில்லை. ஏன்? புதிய கப்பை எடுத்து மோந்து பார்த்தேன். டீ வாசனை இல்லை. வெளுத்த வேட்டி வாசனை.

செருப்பைக்கூடப் போடாமல் டீக்கடைக்கு ஓடினேன். கடைக்குப் பின்னால் மைதீன் பிச்சையின் மனைவி கைருன்னிசா அண்டா நிறையச் சலவைச் சோடாத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். குடித்துப் போட்ட ஒவ்வொரு கப்பையும் உள்ளே வெளியே தேய்த்து, சாக்கில் கவிழ்த்து, வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். கைத்தோல் உரிந்து வெளுத்திருந்தது.

"என்னம்மா பண்ற?"

"கழுவறேண்ணே."

"யாரு கழுவச் சொன்னா?"

"யாராச்சும் சொல்லணுமா? கண்டவங்க வாய் வச்ச எச்சிக் கப்ப எப்டிண்ணே உங்க வூட்டுக்கு அனுப்பறது? அம்சவள்ளி அண்ணி எங்கள இன்னா நெனைப்பாங்க?"

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே கரையில் உட்கார்ந்தேன். இருபது நாள்! என் புழுக்களுக்குச் சோடாவில் துவைத்த சாப்பாட்டைப் போட்டிருக்கிறேன். வீட்டை விட்டு ஓடாமல் என்ன செய்யும்?

"கழுவாத தாயி. எச்சியாவே குடு."

"அய்யோ, நான் மாட்டேம்பா! எச்சிய குடுத்தா பாவம்ணே."

"கழுவுனா கடை போயிடும்மா!"

"அதுக்காக மரியாத கெட்டுப் போவணுமா?"

இந்த ஊரில் நான் இன்னொருவர் உதவியைத் தேடிப் போனது அந்த ஒரு தடவைதான். நானூறு தடவை என்று அம்சவள்ளி சொல்வாள். அவளைத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் கைருன்னிசாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா இந்த மனுசன் எச்சித் தட்டை எடுக்கறேன் நான். ஊரு எச்சி எனக்கு இன்னாடி புதுசு? அப்டியே அனுப்பு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

மறுநாள் கூடையில் கப்புகள் கழுவாமல் வந்தன. ஆனால் மேலே ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது, பெருநாளைக்குப் பலகாரம் அனுப்புகிற மாதிரி. கூடவே தூக்கில் டீ, சர்க்கரை தூக்கலாக. புழுக்கள் விருந்தாளிகள் இல்லையா, என்றாளாம்.

பழைய கப்புகளை வெளியே அள்ளி, மூலையை மட்டும் தொடாமல், புதுச் சாணம் போட்டேன். நாள் கணக்கைத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்று சிங்காரவேலுவைக் கேட்டேன்.

"மண்டலத்துக்கு நடுவுல மாலையக் கழட்டி மாட்டலாமா மாமா?" என்றான்.

நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் தொட்டியைச் சாக்கில் கவிழ்த்தோம். மைதீன் பிச்சையும் கைருன்னிசாவும் தள்ளி நின்றார்கள். கறுப்பாக, காப்பித் தூள் மாதிரி மண். அதில் அங்கங்கே ஊறிய அப்பளம் மாதிரி துண்டுகள். சிங்காரவேலு உட்கார்ந்து விரலால் பிரித்தான். ஒரு துண்டில் "வே" மட்டும் தெரிந்தது. "சி" போன இடத்தில் ஓட்டை.

"முக்கால்வாசிதான் ஆயிருக்குது. இது மண்ணா? பேப்பரு." துண்டை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இது சோடா இல்லாம வந்த இருபத்தேழு நாளு சரக்கு. உன் கப்ப இழுடா. அது முப்பத்தாறு நாளு."

வளையத்தில் இருந்த முடிச்சை முதலில் பார்த்தான். எட்டுச் சுற்று. விரல் வைத்து எண்ணினான். அவன் முடிச்சுதான். கம்பியை இழுத்தான். இழுக்க இழுக்க வெறும் கம்பி வந்தது. முனையில் கப்பின் விளிம்புச் சுருள் சுண்டுவிரல் நீளத்துக்குத் தொங்கியது. அதிலும் ஒரு புழு.

கைருன்னிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிங்காரவேலு அவளிடம் கையை நீட்டித் தூக்கை வாங்கினான். மூடியில் கொஞ்சம் டீயை ஊற்றி ஆறவிட்டு, மண்ணின் ஓரத்தில் மெதுவாகச் சாய்த்தான். குந்திப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கால் மரத்துப்போயிருக்கும். முதலில் மண் அசைந்தது. பிறகு ஒரு சிவப்புத் தலை. பின்னால் இரண்டு. அப்புறம் ஒரு லட்சம்.

அவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான்.

"பாய், கடை இருக்கட்டும். கூடை நெறைஞ்சா நீயே இங்க கொண்டாந்துடு. வாய்க்கால்ல ஒண்ணு பாத்தேன்..."

"பாக்க மாட்ட வேலு," என்றான் மைதீன் பிச்சை. துண்டால் முகத்தைத் துடைத்தான், தலையை அல்ல.

சிங்காரவேலு என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு வாய் வராது. சமையலறைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னான்:

"அக்கா! உன் புருஷன் இந்த ஒரு வாட்டி பொய் சொல்லல. கப்ப துன்னுட்டுது. டீயும் குடிக்குது. என் கண்ணால பாத்தேன்."