சிறகில்லாத அக்கா

சலவைக்கடையின் பின்னறையில் அன்று நால்வர் இருந்தார்கள். இஸ்திரி மேசையின் தலைமாட்டில், வழக்கமான முக்காலியில் கடைக்காரர். அவருக்கு வலப்பக்கம், துவைக்க வந்த துணிமூட்டையையே மெத்தையாக்கிக்கொண்டு அவர் மகள். ஜன்னலோரம், அங்கிருந்த ஒரே நாற்காலியில் அவருடைய மைத்துனி. வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவள். அவள் தம்பியான மெக்கானிக் உட்காரவே இல்லை. யாரைப் பற்றிப் பேசக் கூடினார்களோ அவள், கடைக்காரரின் மனைவி, மைத்துனி, மெக்கானிக் இருவருக்கும் மூத்த அக்கா, மூன்று மாதமாகக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள்.

மேசையில் விரித்துக் கிடந்தது கல்லறைக்கல்லுக்கான படம். மெக்கானிக் தானே சிற்பியிடம் போய்ச் சொல்லி வரையவைத்தது. அக்காவின் முகம் அச்சு அசல். ஆனால் தோளிலிருந்து கால்வரை இரண்டு சிறகுகள்.

"எப்பிடி இருக்கு மச்சான்? தேவதூதனாவே ஆயிட்டா பாத்தீங்களா!"

கடைக்காரர் படத்தின் சுருண்ட ஓரத்தை உள்ளங்கையால் நீவினார். சிற்பி ஒரு பிடிவாதக்காரர். போனில் சொன்னதை நம்பிச் செதுக்கி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர். வீட்டார் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தால்தான் உளியைத் தொடுவார். அவர் ஊர்ப்பக்கம் போகும் வேன் சாயங்காலம் கடைக்குத் துணி எடுக்க வரும். அதற்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ எழுதியாக வேண்டும்.

"ஏணியில ரெண்டு படி ஏறினாலே தலை சுத்துதுன்னு கத்துறவ அக்கா," என்றாள் டைப்பிஸ்ட். "அவளைப் போய்ப் பறக்கவிடுறியேடா!"

"அங்க போனா பயமெல்லாம் போயிடும் சின்னக்கா."

"அவளே போயிடுவாளோன்னுதான் எனக்குப் பயம்," என்றார் கடைக்காரர்.

அவர் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "சிறகு முளைச்சு வேற ஜாதி ஆயிட்டான்னா, நான் போய்ச் சேர்றப்போ என்னைத் திரும்பிப் பாப்பாளா? வாசல்ல நிக்கிற ஆயிரம் பேர்ல இவரும் ஒருத்தர்னு போயிடுவா. ராத்திரி இதேதான் ஓடுது மனசுல."

மூன்று மாதமாக அத்தான் சரியாகச் சாப்பிடாததன் காரணம் டைப்பிஸ்டுக்கு இப்போதுதான் பிடிபட்டது. "வேதத்தை எடுடி," என்றாள் மகளிடம். "ஒண்ணு. மனுஷன் தேவதூதன் ஆவான்னு எங்கேயாவது இருக்கா?"

மகள் புரட்டினாள். கைப்பேசியிலும் தேடினாள். "எங்கேயும் இல்ல சித்தி. தேவதூதர்கள் தனியாப் படைக்கப்பட்டவங்க. இரட்சிப்படையுறவங்களுக்கு ஊழியம் செய்ய அனுப்பப்படுற பணிவிடைக்காரங்க." மூட்டைமேல் முட்டி போட்டு எழுந்தாள். "அப்பா! நாம தேவதூதர்களையே நியாயந்தீர்ப்போமாம்!"

"அக்கா நீதிபதியா?" மெக்கானிக் சிரித்துவிட்டான். "போச்சு, ஒரு தூதன் தப்பமாட்டான்!"

"இரு மாப்ள," என்றார் கடைக்காரர். "அங்க கொள்வனை கொடுப்பனை இல்ல, தூதரைப்போல இருப்பாங்கன்னு கர்த்தரே சொல்லியிருக்காரே."

அதை மழுப்ப டைப்பிஸ்டுக்கு மனம் வரவில்லை. "ஆமா அத்தான். கல்யாணம் இல்லதான்."

கடைக்காரர் படத்திலிருந்த முகத்தை விரலால் தொட்டார். "புருஷன் பொண்டாட்டியா இல்லாட்டிப் பரவாயில்ல. அவ அவளா இருந்தாப் போதும்."

"ரெண்டு!" டைப்பிஸ்ட் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "கர்த்தர் உயிர்த்தெழுந்து வந்தப்போ எப்படி இருந்தார்? சிறகோடயா? பொரிச்ச மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மரியாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் குரல்லயே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. கையில ஆணிக் காயம்கூட அப்படியே இருந்தது. அவர் மாதிரிதானே நம்மையும் எழுப்புவார்!"

"காயம் அப்படியேவா?" கடைக்காரர் முக்காலியிலிருந்து எழுந்தார். கல்யாணமான புதிதில், அவர் வேலைப் பழக்கத்தில் திரும்பாமலே நீட்டிய இஸ்திரிப்பெட்டி மனைவியின் இடது மணிக்கட்டில் பட்டுவிட்டது. தழும்பு மாறவே இல்லை. வாடிக்கையாளர் கேட்டால், "எங்க வீட்டுக்காரர் போட்ட வளையல்" என்பாள்.

"அந்தத் தழும்பும் இருக்குமா?"

"அது எனக்குத் தெரியாது அத்தான். வலி இருக்காது, அது நிச்சயம். ஆனா அந்த வளையல் கதையைச் சொல்லிச் சிரிச்ச ஆள் இருப்பா."

கடைக்காரர் சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. மகள் ஓடிவந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். "பசிக்குதுடி," என்றார் அவர்.

மெக்கானிக் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஆசையாச் சொல்லி வரையவெச்சேன்," என்றான், முகம் தொங்க.

"தூதனை ஏன் விடணும் மாப்ள? பக்கத்துல நிக்கட்டும். பணிவிடைக்காரன்தானே."

"அவனையும் வேலை வாங்குவா!" மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. "துணியை மடிச்சு வைப்பான்னு எழுது சின்னக்கா."

"கல்லறைடா அது. கடை விளம்பரம் இல்ல."

டைப்பிஸ்ட் தாளை நேராக வைத்து எழுதினாள். ஒன்று, சிறகுகளை எடுத்துவிடவும். இரண்டு, தூதன் பக்கத்தில், அவள் தோளுக்குக் கீழான உயரத்தில் நிற்கலாம். மூன்று, இடது மணிக்கட்டில் தழும்பு தெரிய வேண்டும். நான்காவது, பெயருக்குக் கீழே பொறிக்க வேண்டிய வரி. அதைக் கடைக்காரரே சொன்னார்: "எழுந்து வா, நானும் வருவேன்."

தெருவில் வேன் ஹாரன் அடித்தது. நால்வரும் அடித்துப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். படத்தோடு சேர்த்து மடித்து உறைக்குள் வைத்து, ஓரத்தைப் பசை தடவி ஒட்டி, டைப்பிஸ்ட் கட்டைவிரலால் இருமுறை அழுத்தினாள். மெக்கானிக் அதைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.