பெருநாளில்லாத மருதோண்டி

சண்டை முடிந்த வருடம், பெருநாளும் இல்லாமல் கலியாணமும் இல்லாமல் என் மதினி றமீஸா உள்ளங்கையிலும் பாதத்திலும் மருதோண்டி அப்பிக்கொண்டாள். காத்தான்குடியில் இதைக் கவனிக்காத கண் உண்டா? புருஷனை இழந்தவளுக்கு என்ன சோடனை என்று பக்கத்து வீட்டில் முணுமுணுத்தார்கள். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்பில் ஒப்பரேஷன் முடிந்து, புற்றுநோய்க்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். அந்த மாத்திரை கையையும் காலையும் பொசுக்கிவிட்டது. தோல் சிவந்து உரிந்தது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கவே முகம் கோணும். கை சிவந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று கிளினிக்கில் யாரோ சொன்னதைக் கேட்டு, சிவப்பைச் சிவப்பால் மூடினாள். கெட்டிக்காரி!

"புண் வந்தா என்ன செய்வீங்க மதினி?"

"வாய மூடு றுக்ஷானா. மருந்த நிப்பாட்டினா நான் மவுத்தாப் போயிருவன். சுனாமியில வாப்பாவக் குடுத்த புள்ள, உம்மாவையும் குடுக்கிறதா?"

அந்த வாப்பா என் கூடப்பிறந்த காக்கா. அவருடைய மகன் இர்ஷாத்துக்கு இனி இவள் ஒருத்திதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த கிளினிக்கில் தாதி அஜந்தா, "என்ன அக்கா, வீட்டில கலியாணமா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றாள் மதினி, கூசாமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கலியாணமுமில்ல, கத்தரிக்காயுமில்ல. கையத் தொட்டுப் பாருங்க மிஸ்" என்று போட்டு உடைத்தேன். மதினி என்னை எரிப்பதுபோல் பார்த்தாள்.

அஜந்தா ஏசவில்லை. அந்தக் கையை மெதுவாக ஏந்திப் பார்த்தாள். "இது மருந்தால வாறது அக்கா, நோய் கூடினதில்ல. மறைச்சு வச்சு, புண் வெடிச்சு, கிருமி பூந்தாத்தான் ஆபத்து. சுடுதண்ணி வேணாம், இறுக்கமான செருப்பு வேணாம், தோலப் பிய்க்க வேணாம். கிறீமத் தேய்க்காம பூசுங்க."

"அப்ப மாத்திரை?"

டொக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை ஆறும்வரைக்கும் நிப்பாட்டி வைப்பம். பிறகு அளவக் குறைச்சுத் தொடங்குவம்."

மதினி அங்கேயே விம்மி அழுதாள். நானும் அழுதேன்.

ஆனால் வீடு வந்ததும் என்னோடு பேச்சில்லை. காலுக்குக் கிறீம் பூசவிடுவாள், முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். கோபம் என்றால் அப்படியொரு கோபம். மாத்திரை திரும்பத் தொடங்கியும் அது தணியவில்லை.

ஒருநாள் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்தவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"காட்டிக் குடுத்தவளே!"

"உம்மோ!" என்று கத்திவிட்டேன். கோப்பையைப் பிடிக்கவே நொந்த அந்த இரண்டு விரலால் சதையைப் பிடித்து, முறுக்கி, நல்ல பலத்தோடு கிள்ளிய கிள்ளு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னொருக்கா கிள்ளுங்க மதினி" என்றேன்.