கால் மணிக்கு ஒரு தரம்

துபாயில் ஏசி கழுவிக்கொண்டிருந்த அப்சர், கூத்தாநல்லூர் திரும்பியதும் விஞ்ஞானியானான். யூடியூபில் நாலு வீடியோ, ஆன்லைனில் வாங்கிய ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, போதாதா? பக்கவாதத்தில் படுத்துவிட்ட அத்தா மீரா உசேனுக்கு உரக்கக் கூப்பிடக் குரல் இல்லை. அவர் கையில் ஒரு பொத்தான், அடுப்படியில் ஒரு மணி. அமுக்கினால் ஆள் வரும்.

முதல் நாள் அவர் ஒரு தரம் அமுக்க, மணி நாலு தரம் அலறியது. பொத்தானுக்குள் தகடு ஒட்டும்போது அதிருமாம். ஒவ்வொரு அதிர்வையும் போர்டு தனி அழுத்தமென்று நம்பிவிடுமாம். முதல் அழுத்தத்துக்குப் பின் கண்ணிமைக்கும் நேரத்துக்கு எது வந்தாலும் சட்டை செய்யாதே என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்தான். சரியாயிற்று. அதை ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் நீண்ட வாய்ஸ் மெசேஜாக விளக்கினான். எல்லோரும் "மாஷா அல்லாஹ்" போட்டார்கள். முழுக்கக் கேட்டவர் எவருமில்லை.

ஆனாலும் மணி ஓயவில்லை.

"பாங்கு சொல்லியாச்சாம்மா?"

"இப்பத்தானே கேட்டீங்க மாமா!" என்று திரும்பி வந்த மருமகள் ஷம்சாத், புருஷன்மேல் பாய்ந்தாள். "ஏங்க, நான் மீனைக் கழுவவா, உங்க மணிக்கு ஓடவா?"

"அதே வரிதான். நம்பரை மாத்துனாப் போதும்," என்றான் விஞ்ஞானி. கண்ணிமைக்கும் நேரம் கால் மணி நேரமாயிற்று.

"மாமாட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"எதுக்கு? சங்கடப்படுவாரு."

மறுநாள் அசர் தொழுகைக்கு முன்னால் மணி அடித்தது. ஷம்சாத் போனாள்.

"பாங்கு சொல்லியாச்சாம்மா?"

"இன்னும் இல்ல மாமா."

வந்து உலையை இறக்கினாள். அப்சர் கூடத்தில் அடுத்த கண்டுபிடிப்புக்கு ஒயர் சீவிக்கொண்டிருந்தான். வீடு இவ்வளவு அமைதியாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கே பெருமையாக இருந்தது.

பத்து நிமிஷத்தில் பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும், சொல்லிவிட்டு வரலாமென்று ஷம்சாத் தானாகவே உள்ளே போனாள். அவள் போட்ட கூச்சலில் ஒயர் கீழே விழுந்தது.

வாந்தி புரையேறி, மீரா உசேன் கட்டிலில் பாதியும் வெளியே பாதியுமாகக் கிடந்தார். அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது.

அத்தாவின் மையத்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பொத்தானை எடுத்தார்கள்.

"மணி வச்சிருந்தியேப்பா, அடிக்கலையா?" என்றார் ஒருவர்.

"அடிக்கலை," என்றான் அப்சர்.

பொய் சொல்லக்கூடாத நாளில் அவன் பொய் சொல்லவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு இருந்த ஷம்சாத்தும் மறுக்கவில்லை.