ஐந்து வீத இருட்டு

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சிறிய மின் திட்டங்கள் போட்டுக்கொடுக்கும் ஹட்டன் நிறுவனம் ஒன்றில் ஜீவராணி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். 2005ஆம் ஆண்டு அந்த அலுவலகத்துக்கு ஒரு மென்பொருள் வந்தது. ஓடைத் தண்ணீர், வெயில், காற்று, பட்டரி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஓர் இடத்துக்கு எது எவ்வளவு வேண்டும் என்று அது கணக்கிட்டுச் சொல்லும். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்காரரான பொறியியலாளர் சிவரூபனும் அவளும் ஒரே கம்பியூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, தப்பும் தவறுமாகத் தட்டித் தட்டியே பழகினார்கள்.

பழகிப் பார்க்க அவள் எடுத்துக்கொண்டது டயகமத் தோட்டத்தில் தான் பிறந்து வளர்ந்த டிவிசனை. அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு இன்னும் கரண்ட் போகவில்லை. முதல் விடை பிரமாதமாக வந்தது. ஓடையில் ஒரு டர்பைன் வைத்தால் போதும், வேறெதுவும் தேவையில்லை என்றது மென்பொருள். சிவரூபன் கைதட்டினார். ஜீவராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சேர், மாசி மாசத்துல அந்த ஓடைய நான் செருப்பு நனையாம தாண்டியிருக்கேன்."

இருவருமாகச் சேர்ந்து ஓடை நீரின் வருடச் சராசரியைக் கொடுத்திருந்தார்கள். மாதவாரியாக நீரளவைக் கொடுத்ததும் விடை மாறியது. மழைக்காலத்தில் மூடுபனி வெயிலை மறைத்தாலும் ஓடை நிரம்பிப் பாய்கிறது. தை, மாசியில் ஓடை மெலிகிறது. வெயிலோ பளீரென்று அடிக்கிறது. ஒன்று படுக்கும்போது மற்றது எழுகிறது. மென்பொருள் டர்பைனோடு சோலார் தகடுகளையும் கொஞ்சம் பட்டரியையும் சேர்த்துக் காட்டியபோது, சிறுவயதிலிருந்து பார்த்த மழையும் வெயிலும் கூட்டாளிகளாக இருந்ததை இத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமே என்று அவளுக்குத் தோன்றியது.

செலவைக் குறைக்க ஒரு வழி இருந்தது. வருடத்துத் தேவையில் நூற்றுக்கு ஐந்து வீதம் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் மென்பொருள் பட்டரியைப் பாதியாக்கிவிடும்.

"எல்லா இடத்திலயும் இப்பிடித்தான் செய்யினம். அஞ்சு வீதம் எண்டால் சனத்துக்குத் தெரியவே தெரியாது" என்றார் சிவரூபன்.

"அந்த அஞ்சு வீதம் எப்ப சேர் வருது?"

அவருக்கும் தெரியவில்லை. இருவரும் தேடினார்கள். மணிக்கு மணி காட்டும் வரைபடத்தை அவர்தான் கண்டுபிடித்துத் திறந்தார். வருடம் முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. மாசியிலும் பங்குனியிலும், விடியுமுன் மட்டும், மின் பற்றாக்குறை சிவப்பாகத் திட்டுத் திட்டாக விழுந்திருந்தது. மாலையில் டீவியும் துணி தேய்க்கும் அயனும் பட்டரியைக் குடித்துவிட, விடிவதற்குள் அது காலியாகிவிடுகிறது.

அந்த நேரத்தில் லயத்தில் விழித்திருப்பது பெண்கள்தான் என்று ஜீவராணி சொன்னாள். சிவரூபன் வரைபடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் திட்டத்தை இப்பிடியே அனுப்பாதேங்கோ. இன்னொருக்காப் பாப்பம்" என்றார்.

திட்டத்துக்கு நிதி கொடுப்பவர்கள் பெரிய பட்டரிக்குச் சம்மதிக்கவில்லை. ஜீவராணி வீட்டு மின் பாவனையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தாள்: பல்புகள் ஒரு பக்கம், டீவியும் அயனும் மறுபக்கம். வறண்ட மாதங்களில் மட்டும் இரண்டாவதை நிறுத்தினால், அதே சின்னப் பட்டரியோடு சிவப்பு அநேகமாக மறைந்தது. விடை கையில் இருந்தது. ஆனால் அதைக் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து முடிவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டயகமவுக்குப் பஸ் ஏறினாள்.

கோயில் வாசலில் ஆட்கள் கூடினார்கள். அவள் ஒளிக்காமல் சொன்னாள். முதலில் எழுந்தவன் அவளுடைய அண்ணன் ஆண்டியப்பன்.

"கரண்டு வருதுன்னு கூப்பிட்டுட்டு, ரெண்டு மாசம் டீவி போடாதேங்கிற. கிரிக்கெட் நடக்குறதே அப்பத்தான். ஒனக்கு அங்க ஹட்டன்ல எல்லாம் இருக்கு, நீ பேசுவ."

ஆண்கள் பக்கம் பலமான ஆமோதிப்பு. ஜீவராணிக்கு முகம் சுருங்கியது. அண்ணன் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை.

அப்போது அண்ணன் மனைவி நாகலெட்சுமி, இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "ராணி, டீவியும் ஓடி காலையில லைட்டும் எரியிற மாதிரி செய்ய ஏலாதா?"

"பெரிய பட்டரி வேணும் மதினி. அதுக்குத் தர மாட்டேங்கிறாங்க."

"அப்ப ரெண்டுல ஒன்னு." அவள் புருஷனைப் பார்த்தாள். "குப்பிலாம்பு வெளிச்சத்துல ரொட்டி சுட்டு, புள்ளைய எழுப்பி, வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடுறது நான். நீங்க அப்ப தூங்குறீங்க. எனக்குக் காலையில லைட்டு வேணும்."

பெண்கள் பக்கமிருந்து ஒவ்வொரு கையாக எழுந்தது. சில ஆண்களும் கை தூக்கினார்கள். ஆண்டியப்பன் தூக்கவில்லை. அன்று மாலை பஸ் ஏறும் வரை அவன் தங்கச்சியோடு பேசவில்லை.

மறு வருடம் ஆவணியில் லயங்களில் பல்பு எரிந்தது. அடுத்து வந்த மாசியில் ஜீவராணி அண்ணன் வீட்டில் தங்கினாள். ரொட்டி தட்டும் சத்தத்தில் கண் விழித்தபோது குசினியில் வெளிச்சம் இருந்தது. நாகலெட்சுமி கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். 

"எந்திரிச்சிட்டியா? தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், ஆறிரும்" என்றாள்.

ஆண்டியப்பன் கம்பளிக்குள்ளிருந்து குரல் கொடுத்தான். "நேத்து மேட்ச் என்னாச்சுன்னு ரேடியோக்காரன்கிட்டத்தான் கேக்கணும். எல்லாம் இவ படிச்ச படிப்பு."

திட்டினாலும் அண்ணன் பேசிவிட்டான். ஜீவராணி குசினி வெளிச்சத்தில் உட்கார்ந்து தேநீரை மெதுவாகக் குடித்தாள். பட்டிப்பொல பக்கத்து ஊர் ஒன்றின் மின் திட்டக் கணக்கை அடுத்த வாரம் தொடங்கவேண்டும். மின் பாவனை விவரங்களை எழுதுமுன் அங்கே போய், வீடுகளில் யார் முதலில் எழுகிறார்கள் என்று கேட்க நினைத்துக்கொண்டாள்.