கூடுதலுக்கு மட்டும்

நெப்ராஸ்காவில், ஹார்ட்விக் பள்ளி மாவட்டத்தில் ரோவீனா ஹாவ்லிக்குக்கு 'மிஸ் கூடாது' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒருவர் சொல்லி இன்னொருவர் சிரித்ததைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கேட்டிருக்கிறாள்.

அவள் பார்த்த வேலை அப்படி. இங்கிலீஷ் தெரியாமல் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்கும், வேறு நாட்டிலிருந்து புதிதாக வந்திறங்கிய பிள்ளைகளுக்கும் என்று வாஷிங்டனிலிருந்து மாநிலம் வழியாக மானியம் வரும். அதற்கு விண்ணப்பம் போடுவதும், வந்ததைச் செலவழிப்பதும், செலவழித்ததற்குப் பதில் சொல்வதும் அவள் பொறுப்பு. இருபது வருஷம் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருந்தவளைத்தான், பொறுமைசாலி என்று சொல்லி இந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த மானியத்துக்கு ஒரே ஒரு பெரிய விதி. பள்ளி தன் கைக்காசில் செய்தே தீர வேண்டிய எதற்கும் அதைத் தொடக் கூடாது. அதற்கு மேலே, கூடுதலாகச் செய்வதற்கு மட்டும்தான். ஆனால் கூரை ஒழுகும் பள்ளியில் எல்லோருக்கும் அந்தப் பணத்தின் மேல்தான் கண். ஒருவர் கம்ப்யூட்டர் கேட்பார், ஒருவர் கணக்கு வாத்தியார் கேட்பார். ரோவீனா கூடாது என்பாள். கேட்டவர் அடுத்த நாள் வராந்தாவில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

அவள் அறை பழைய நடுநிலைப் பள்ளியின் அடித்தளத்தில், கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லருக்கு அடுத்தாற்போல் இருந்தது. கணவன் லீலண்ட் இறந்து நாலைந்து வருஷமாகிறது. ஒரே மகள் டக்கோமாவில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், பேச்சு வானிலையில் தொடங்கி வானிலையிலேயே முடியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால், அந்த ஒரு போனை விட்டால், திங்கட்கிழமை காலைவரை அவள் குரலை அவளே கேட்க மாட்டாள்.

முமு பாவ் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதில் ஒரு மாறுதல் வந்தது.

முமு கரென் இனத்துப் பெண். பர்மாவில் பிறந்து, தாய்லாந்து அகதி முகாமில் வளர்ந்து, கல்யாணமான பிறகு நெப்ராஸ்காவுக்கு வந்தவள். கணவன் ஊர்க்கோடியில் இருக்கும் கறி ஆலையில் மாடு வெட்டும் வரிசையில் நிற்கிறான். ஆலையை நம்பி வந்த கரென் குடும்பங்களுக்கும் பள்ளிக்கும் நடுவில் பாலமாக ஒரு ஆள் வேண்டும் என்று ரோவீனாதான் மானியத்தில் அந்த வேலையை உண்டாக்கினாள். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைப் பார்க்க வேண்டும், சாயங்கால இங்கிலீஷ் வகுப்புக்கு அழைத்து வர வேண்டும், புதிதாக வந்த பிள்ளைக்குப் பஸ், சாப்பாடு, லாக்கர் எல்லாம் பழக்கிவிட வேண்டும். எல்லாமே கூடுதல். விதிக்குள் அடங்கிய வேலை.

மதியச் சாப்பாட்டுக்கு முமு பாய்லர் அறைப் பக்கம் வந்துவிடுவாள். அவள் டப்பாவைத் திறந்தால் மீன் மிளகாய்ச் சாந்தின் வாசனை மாடிவரைக்கும் ஏறும்.

"திராமு, மறுபடியும் ரெண்டு ரொட்டிக்கு நடுவுல ஒரு வெள்ளரிக்காயா? இது சாப்பாடு இல்ல. சாப்பாடு வர்ற வரைக்கும் வாய சும்மா வெச்சிருக்காம மெல்றது."

"உன் சாப்பாட்டத் தின்னா ராத்திரி முழுக்க என் வயிறு என்னைத் திட்டுது."

"திட்டட்டுமே. வீட்ல பேச்சுத் துணைக்கு ஆச்சு."

திராமு என்றால் அவர்கள் பேச்சில் டீச்சர். இப்படிப் பேச ஊரில் வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது. லீலண்ட் போன பிறகு ரோவீனா வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்த அறையில்தான்.

அந்தக் குளிர்காலத்தில் மாநிலக் கல்வித் துறையிலிருந்து தகவல் வந்தது. வசந்தத்தில் மானியத்தை நேரில் பரிசீலிக்க ஆள் வருவார்கள். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடலாம் என்று ரோவீனா முமுவை உட்கார வைத்து, ஒரு வாரத்தில் என்னென்ன செய்கிறாள் என்று கேட்டாள்.

முமுவுக்குப் பெருமை தாங்கவில்லை. விரல் விட்டுச் சொன்னாள்.

"திங்கக்கெழம ஹைஸ்கூல்ல ஒரு பையனை சஸ்பெண்ட் பண்ணாங்க. அவங்கப்பாவுக்கு நாந்தான் சொன்னேன். அப்புறம் நர்ஸ் கூப்டாங்க. அப்புறம் அந்தப் பேசாத பொண்ணு இருக்கில்ல, அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் மீட்டிங். பேரண்ட் மீட்டிங் வந்துட்டா ஒரு வாரம் பூரா நான் வாய மூட முடியாது. பிரின்சிபால் சொல்றாரு, முமு இல்லன்னா இந்த ஸ்கூல் ஊமைன்னு."

"வீடுகளுக்குப் போறது?"

"அதுக்கு எங்க திராமு நேரம்? நேரம் கெடைச்சா போறேன்."

ரோவீனாவின் பேனா நின்றுவிட்டது. தாய்க்கும் தகப்பனுக்கும் புரிகிற மொழியில் சேதி சொல்வது பள்ளியின் சொந்தக் கடமை. மானியம் வந்தாலும் வராவிட்டாலும் செய்தே ஆக வேண்டியது, பள்ளி தன் பையிலிருந்து செய்ய வேண்டியது. ரோவீனாவுக்குத் தெரியாமலே, பெரும்பாலான நேரம் முமு அந்த வேலையைத்தான் மானியச் சம்பளத்தில் செய்துகொண்டிருந்தாள். 'முமு, ஒரு நிமிஷம் வாயேன்' என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த வேலை உருமாறிப் போயிருந்தது.

ரோவீனா ஒரு நாள் முழுக்க அதைத் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். கேட்காமலே இருந்திருக்கலாமே என்றும் ஒரு நினைப்பு வந்தது. பிறகு மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் தலைவரான சூப்பரின்டென்டன்ட் கிரெய்க் ஓஸ்டர்மனின் அறைக்குப் போனாள்.

"முமுவ நம்ம சொந்த பட்ஜெட்டுக்கு மாத்திடுங்க, கிரெய்க். அவ செய்றது பள்ளியோட வேலை."

ஓஸ்டர்மன் கெட்ட மனிதர் அல்ல. சொத்துவரியை உயர்த்தக் கேட்டு ஊரில் ஓட்டெடுப்பு நடத்தித் தோற்றுப்போய், எங்கே வெட்டலாம் என்று உட்கார்ந்திருந்தவர்.

"பட்ஜெட்டா? ரோவீனா, நான் பிள்ளைகளுக்கு மியூசிக் சொல்லித் தர்ற பேண்ட் வாத்தியாரையே தூக்கப் போறேன். எழுதுறத கொஞ்சம் மாத்தி எழுதுங்களேன். 'பெற்றோர் பங்கேற்பு'ன்னு போடுங்க. பொய்யா அது?"

"பொய்தான்."

"யாரு நோண்டிப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "சரி. சட்டம்னா சட்டம். மானியத்துல உண்மையா எவ்ளோ வேலை இருக்கோ அவ்ளோ மட்டும் அந்தம்மாவ வெச்சுக்கலாம். பாக்கிக்கு போன்ல மொழிபெயர்க்கிற கம்பெனி இருக்கு. அது மலிவு."

ரோவீனா எதிர்பார்த்தது இதுவல்ல. எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி வந்து வாதாடினாள், கெஞ்சினாள். அவர் ஏற்கெனவே வேறு காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். உண்மையாக இருந்த வேலையை மட்டும் கணக்கெடுத்தால் முமுவுக்கு வாரத்தில் இரண்டு காலைப் பொழுது மிஞ்சியது. முழுநேர வேலையோடு அவளுக்கிருந்த மருத்துவக் காப்பீடும் போய்விடும்.

விஷயத்தை ரோவீனாவே சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லக் கூடாது என்று காலையிலேயே முமுவின் மேஜைக்குப் போனாள். முமு பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டாள். முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்:

"நீங்க கேட்டீங்க. நான் சொன்னேன். அதனாலயா?"

"முமு, உன் மேல ஒரு தப்பும் இல்ல..."

"தப்பு இல்லன்னா ஏன் எனக்கு வேலை இல்ல?"

ரோவீனா விதியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், சொல்லும்போதே அது தன் காதிலேயே கேவலமாக விழுந்தது. முமு தலையசைத்தாள், மேஜை இழுப்பறையைத் திறந்து தன் பொருள்களைப் பொறுக்கலானாள். இரண்டு காலைப் பொழுதுக்காக அவள் தங்கவில்லை. அந்த வார முடிவிலேயே விலகி, கறி ஆலையில் பெட்டி கட்டும் பிரிவில் சேர்ந்துவிட்டாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமாவது காப்பீடு உண்டு.

பாய்லர் அறைப் பக்கம் மறுபடி அமைதியானது. ரோவீனா ரொட்டியை மேஜையிலேயே வைத்துத் தின்றாள். சில நாள் அதையும் மறந்துவிடுவாள்.

பனி உருக ஆரம்பித்த சமயம் தொடக்கப் பள்ளியில் ஒரு கூட்டம் நடந்தது. முமு சொன்ன அதே பேசாத பெண் குழந்தையைத் தனி வகுப்புக்கு மாற்றுவது பற்றிய கூட்டம். மானியத்தின் சார்பில் ரோவீனாவும் போயிருந்தாள். மேஜை நடுவில் ஸ்பீக்கர் போன். சுற்றிலும் பிரின்சிபால், மனநல ஆலோசகர், இரண்டு டீச்சர்கள். ஒரு ஓரத்தில் குழந்தையின் தாய், ஆலையின் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தவள். போனில் ஒரு ஆண் குரல் மளமளவென்று பேசியது. தாய் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையாட்டினாள்.

ரோவீனாவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் மூன்று வருஷம் முமு பேசக் கேட்ட காதுக்கு, இது அந்தப் பேச்சு இல்லை என்று பட்டது.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். போனைப் பார்த்து, "நீங்க பேசுறது கரென் மொழியா?"

"பர்மீஸ் மேடம். பர்மாலேர்ந்து வந்தவங்கன்னுதானே கேட்டிருந்தாங்க?"

பிரின்சிபால் வாட்ச்சைப் பார்த்தார். "அவங்க தலையாட்டிக்கிட்டுத்தானே இருக்காங்க ரோவீனா? புரியுது போல."

"பயத்துல ஆட்டுறாங்க. இதுல இன்னிக்கு அவங்க கையெழுத்து வாங்கக் கூடாது."

அந்தச் சொல் விழுந்ததும் டீச்சர்களில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் ரோவீனாவுக்குத் தெரியும். கூட்டம் கலைந்தது. தாய்க்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. தன் குழந்தை ஏதோ தப்பு செய்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ, எல்லோரையும் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி குனிந்துவிட்டுப் போனாள்.

பரிசீலனைக்கு மாநிலத் தலைநகர் லிங்கனிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க. நான் போற எடத்துலல்லாம் இப்படி இருந்தா எனக்கு வேலையே இருக்காது" என்று சிரித்தாள். "வேற ஏதாவது சொல்லணுமா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஓய்வுபெற ரோவீனாவுக்கு இரண்டே வருஷம்.

"சொல்லணும்" என்றாள். ஸ்பீக்கர் போனைப் பற்றியும், ரப்பர் பூட்ஸோடு வந்த தாயைப் பற்றியும் சொன்னாள். அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டாள்.

கோடை தொடங்கும்போது மாநிலத்திலிருந்து உத்தரவு வந்தது. கரென் மொழி பேசத் தெரிந்த ஒருவரை மாவட்டம் தன் சொந்தச் செலவில், முழுநேரமாக வைத்தாக வேண்டும். ஓஸ்டர்மன் ரோவீனாவைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே, கிரெய்க்."

 பிறகு வந்த கூட்டங்களுக்கு அவளை அழைப்பதும் நின்றுபோனது. பேண்ட் வாத்தியாரின் வேலை போனதற்கு அவள்தான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காப்பி மெஷின் பக்கம் அவள் வந்தால் பேச்சு தானாக அடங்கும்.

அவளுக்கு அதெல்லாம் அவ்வளவாக உறைக்கவில்லை. வேலை அறிவிப்பு வெளியான அன்று சாயங்காலமே காரை எடுத்துக்கொண்டு முமுவின் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முழுநேரம். காப்பீடு. இந்தத் தடவை யாராலும் பிடுங்க முடியாது.

வாசலில் ஒரு குவியல் செருப்பு. உள்ளே கூடம் நிறைய அட்டைப்பெட்டிகள். முமு கையில் ஒட்டும் டேப்போடு எழுந்து வந்தாள்.

"திராமு! வாங்க, உக்காருங்க. உக்கார எடந்தான் இல்ல."

செயின்ட் பால் நகரத்துக்குக் குடிபோகிறார்களாம். கணவனின் மாமன் மகன் அங்கே இருக்கிறான், ஊர் நிறைய கரென் ஜனங்கள், சர்ச்சே மூன்று நான்கு உண்டாம். ரோவீனா சொல்ல வந்ததைச் சொன்னாள். முமு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நல்ல விஷயம்" என்றாள். "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு ரொம்ப ஒதவும்."

"உனக்காகத்தான் முமு இத்தனையும்."

முமு கொஞ்ச நேரம் டேப்பின் முனையை நகத்தால் தேடினாள். "நான் அங்க திரும்பி வந்தா, ஒரு நாள் யாராவது வந்து, முமு நீ என்னல்லாம் செய்றேன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, திராமு. உங்களுக்கும் தெரியாது. நாம ரெண்டு பேரும் ஒரே எடத்துல வேலை செய்யக் கூடாது."

கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் ரோவீனா ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, பெட்டிகளுக்கு நடுவில் தட்டை வைத்துச் சோறு போட்டாள் முமு. அவள் கணவன் எதிரே உட்கார்ந்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டே இருந்தான். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. ரோவீனா தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தாள்.

அந்த வேலைக்கு ஒமாஹாவிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். கெட்டிக்காரன். பேசாத குழந்தையின் வீட்டுக்குப் போய்ப் பேசி, அவளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தவன் அவன்தான். காதுக்குக் கருவி பொருத்தினார்கள். அவள் இப்போது சாதாரண வகுப்பில்தான் இருக்கிறாள், வாய் ஓய்வதில்லை என்று டீச்சர்கள் புகார் சொல்லும் அளவுக்கு. அந்த இளைஞனுக்கு அறை மேல்மாடியில். சாப்பாட்டு நேரத்தில் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு காரில் உட்கார்ந்துவிடுவான்.

முதல் பனி விழுந்த வாரம் ரோவீனாவின் மேஜை போன் ஒலித்தது. முமு. பின்னால் ஏதோ தொழிற்சாலை இரைச்சல்.

"திராமு, இங்க என் பையனோட ஸ்கூல்ல மீட்டிங். எனக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனா என் வீட்டுக்காரருக்குத் தெரியாதுல்ல? மொழிபெயர்க்க ஆள் கேக்கணும்னா யார்கிட்ட கேக்கணும்?"

யாரிடம், எப்படி, அவர்கள் இல்லை என்று சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று ரோவீனா நிதானமாகச் சொன்னாள். முமு திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள்.

"சரி திராமு. பிரேக் முடியுது."

"முமு, அங்க குளிர் எப்படி..."

லைன் போய்விட்டிருந்தது. ரோவீனா போனை வைத்தாள். மறுபடி அடிக்குமோ என்று கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள். பாய்லர் ஒரு குலுக்கல் குலுக்கி ஓட ஆரம்பித்தது. அடுத்த வருஷத்து விண்ணப்பம் திரையில் திறந்தபடி இருந்தது. அதில் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தாள்.